மேக்ஓஎஸ் எங்கே நின்றது? ஹாக்கின்டாஷ் பூட் கோளாறுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆப்பிள் லோகோ வந்து அப்படியே நிக்குது, என்ன பண்ணலாம்?" சொந்தமாக அசெம்பிள் செய்த பிசியில் மேக்ஓஎஸ் போட, அதாவது ஹாக்கின்டாஷ் செய்ய, முயல்பவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்விக்கு யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. அந்த லோகோவுக்குப் பின்னால் ஏகப்பட்ட வேலைகள் வரிசையாக நடக்கின்றன. எதில் நின்றது என்று தெரியாதபோது ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். ஒருவர் "அந்தக் கெக்ஸ்ட்டை (மேக்கின் டிரைவர் ஃபைல்) தூக்கு" என்பார், இன்னொருவர் "என் ஈஎஃப்ஐ ஃபோல்டரை (பூட் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) தருகிறேன், காப்பி செய்துகொள்" என்பார். இரண்டையும் செய்து பார்த்தபின் முன்பு வந்துகொண்டிருந்ததும் வராமல் போகும்.

மேக் பூட் ஆவது ஒரு தொடர் ஓட்டம். மதர்போர்டின் யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) முதலில் ஓடி, மேக்ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் ஓப்பன்கோர் என்ற பூட்லோடரிடம் கட்டையைக் கொடுக்கிறது. ஓப்பன்கோர் ஆப்பிளின் பூட்.ஈஎஃப்ஐ ஃபைலிடம் கொடுக்கிறது, அது ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம், கெர்னல் டிரைவர்களிடம், கடைசியில் திரை வருகிறது. கட்டை யார் கையிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே இந்த வழிகாட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் மெஷின் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் பயாஸ் பகுதியையும் வெர்போஸ் (லோகோவுக்குப் பதில் எழுத்துகளைக் காட்டும் முறை) பகுதியையும் தாண்டிப் போகாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மெஷினை வைத்துக்கொள்வோம்: இன்டெல் கோர் ஐ5-10400, இசட்490 மதர்போர்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 580, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. ஹாக்கின்டாஷுக்கு இது நல்ல சேர்க்கை. ரைசன் போன்ற மற்ற பிராசஸர்கள் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். பூட்லோடர் ஓப்பன்கோர்தான். 2019இல் வெளிவந்த அது இப்போது முதிர்ந்துவிட்டது. புதிதாக ஆரம்பிப்பவர் க்ளோவர் என்ற பழைய பூட்லோடர் பக்கம் போகக் காரணமே இல்லை.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள்

ஒன்று, சட்டம். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் நிறுவ அனுமதிக்கிறது. மேக்ஓஎஸ் போட்ட பிசிக்களை விற்ற சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது 2008இல் ஆப்பிள் வழக்குப் போட்டது, 2009இல் வென்றது. வீட்டில் கற்றுக்கொள்ளப் போட்டுப் பார்ப்பது உங்கள் முடிவு. வாடிக்கையாளருக்குப் போட்டு விற்கிற எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஆயுள். இன்டெல் பிராசஸரில் ஓடும் கடைசிப் பதிப்பு 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோ என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதற்கடுத்த பதிப்புகள் ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கானுக்கு மட்டும். டஹோவிலும் ஒரு சிக்கல் உண்டு: ஆப்பிள்எச்டிஏ என்ற ஆடியோ டிரைவரையே எடுத்துவிட்டார்கள். பிசி ஆடியோவுக்கு நாம் போடும் ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்ட் அதன் முதுகில் ஏறித்தான் வேலை செய்தது. அதனால் மதர்போர்டு ஆடியோ அப்படியே வராது. முதல் முறை முயல்பவர் சோனோமா, செக்கோயா என்ற முந்தைய பதிப்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். புதுப் பதிப்பின் குறையா, நம் செட்டிங்கின் குறையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஹார்ட்வேர் ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள்

சில கோளாறுகளுக்கு மருந்தே கிடையாது. அவற்றை முதலிலேயே கழித்துக் கட்டிவிட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ், ஜிடிஎக்ஸ் 16 வரிசைக் கார்டுகளுக்கு மேக்ஓஎஸ் டிரைவர் வந்ததே இல்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசை 2017இன் ஹை சியரா பதிப்போடு நின்றது. பழைய கெப்ளர் கார்டுகள் பிக் சர் வரை ஓடின, மான்டெரியில் அதுவும் போனது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 570, 580, 5500, 5600, 5700, 6600, 6800, 6900 வகைகள் ஓடும். ஆனால் 6700 எக்ஸ்டி ஓடாது. நடுவில் இருக்கும் இந்த ஒரு மாடலை நம்பி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய. 7000 வரிசையும் கிடையாது. இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ் 10ஆம் தலைமுறையோடு சரி. 11ஆம் தலைமுறையிலிருந்து தனிக் கார்டு கட்டாயம்.

எஸ்எஸ்டியில் சாம்சங் பிஎம்981 மேக்ஓஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் கெர்னல் பேனிக் (கெர்னல் செயலிழந்து நின்றுபோவது) தருவதற்குப் பெயர் போனது. பல பிராண்டட் கம்ப்யூட்டர்களில் கூடவே வருவதும் அதுதான். 970 ஈவோ பிளஸ் இருந்தால் முதலில் ஃபர்ம்வேரை அப்டேட் செய்துவிடுங்கள்.

பயாஸ் செட்டிங்

பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு இவற்றை மாற்றுங்கள்.

அணைக்க வேண்டியவை: ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சிஎஸ்எம், சீரியல் போர்ட், இன்டெல் எஸ்ஜிஎக்ஸ், சிஎஃப்ஜி லாக். விடி-டியையும் அணையுங்கள். வேறு வேலைக்கு அது வேண்டுமென்றால் ஓப்பன்கோரின் செட்டிங் ஃபைலான கான்ஃபிக்கில் டிசேபிள்ஐஓமேப்பரை ஆன் செய்தால் போதும்.

போட வேண்டியவை: அபவ் 4ஜி டீகோடிங், எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப், சாட்டா மோடு ஏஎச்சிஐ. ஓஎஸ் டைப் என்ற இடம் இருந்தால் விண்டோஸ் யூஇஎஃப்ஐ. உள்ளமைந்த கிராபிக்ஸில் ஓட்டுவதானால் டிவிஎம்டி (அதற்கு ஒதுக்கும் மெமரி) 64 எம்பி.

சிஎஃப்ஜி லாக் பல போர்டுகளில் மெனுவிலேயே இருக்காது. அப்போது கான்ஃபிக்கில் கெர்னல் குவர்க்ஸ் (கோளாறுகளைச் சமாளிக்கும் சிறு செட்டிங்குகள்) பகுதியில் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக் என்பதை ஆன் செய்யுங்கள்.

ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் ஆனாக இருந்தால் கான்ஃபிக்கில் ரீசைஸ்ஆப்பிள்ஜிபியூபார்ஸ் மதிப்பு 0 ஆக இருக்க வேண்டும், ஆஃபாக இருந்தால் -1. முதல் முறைக்கு அணைத்துவிடுவதே நல்லது.

லோகோவை மறைத்துவிட்டு எழுத்துகளைப் பாருங்கள்

இது இல்லாமல் மேலே நகராதீர்கள். ஓப்பன்கோரின் ரிலீஸ் பதிப்புக்குப் பதில் டீபக் பதிப்பைப் போடுங்கள். கான்ஃபிக்கின் மிஸ்க், டீபக் பகுதியில் ஆப்பிள்டீபக், ஆப்பிள்பேனிக், டிசேபிள்வாட்ச்டாக் மூன்றையும் ஆன் செய்து, டார்கெட் மதிப்பை 67 ஆக்குங்கள். இதனால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் பென் டிரைவின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஓப்பன்கோர் என்று ஆரம்பித்துத் தேதி, நேரத்தோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் விழும்.

கான்ஃபிக்கின் பூட்-ஆர்க்ஸில் (பூட் ஆகும்போது கொடுக்கும் கட்டளைச் சொற்கள்) மூன்று சொற்கள்: "-வி" (-v), "கீப்சிம்ஸ்=1" (keepsyms=1), "டீபக்=0எக்ஸ்100" (debug=0x100). முதலாவது லோகோவுக்குப் பதில் வெள்ளை எழுத்துகளை ஓடவிடும். இரண்டாவது, பேனிக் வந்தால் வெறும் எண்களுக்குப் பதில் ஃபங்ஷன் பெயர்களைக் காட்டும். மூன்றாவது, பேனிக் வந்ததும் ரீஸ்டார்ட் ஆகாமல் திரையை நிறுத்தி வைக்கும்.

எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். மொபைலை நிமிர்த்தி வைத்து வீடியோ எடுங்கள். வினாடிக்கு 60 ஃப்ரேம் இருந்தால் போதும், அதற்குக் கீழே வேண்டாம். அப்புறம் கேலரியில் போட்டு விரலால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். போட்டோ எடுத்து அனுப்புபவர்கள் நின்றுபோன கடைசித் திரையைத்தான் எடுக்கிறார்கள். துப்பு பெரும்பாலும் அதற்கு முந்தைய திரையில் ஓடிப் போயிருக்கும்.

கடைசி வரிதான் குற்றவாளி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கடைசியாக வேலையை ஒழுங்காக முடித்தவரின் பெயர். பேச வேண்டியவர் பேசாமல் போனதுதான் பிரச்சினை. இதைப் புரிந்துகொள்ளாமல் கடைசி வரியை அப்படியே கூகுளில் தேடி, சம்பந்தமில்லாத கெக்ஸ்ட்டை நீக்கியவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

கட்டம் 1: ஓப்பன்கோர் மெனுவே வரவில்லை

பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில், ஜிபிடி முறையில் இருக்கிறதா பாருங்கள். அதன் முதல் அடுக்கில் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட், ஓசி என்ற இரண்டு ஃபோல்டர்கள். ஜிப் ஃபைலை விரித்தபோது எக்ஸ்64 என்ற ஃபோல்டருக்குள் ஈஎஃப்ஐ போய்விட்டிருந்தால் மதர்போர்டுக்குத் தெரியாது.

மெனுவுக்குப் பதில் "ஓசிஎஸ்: நோ ஸ்கீமா ஃபார்" என்று வரிசையாக வந்தால், கான்ஃபிக் ஃபைல் ஒரு பதிப்பு, ஓப்பன்கோர் வேறு பதிப்பு. பழைய கான்ஃபிக்கை ஒட்டுப் போட்டுச் சரிசெய்வதை விட, உங்கள் பதிப்போடு வந்த சாம்பிள்.பிளிஸ்ட்டை எடுத்துப் புதிதாக நிரப்புவது சீக்கிரம் முடியும். முடித்ததும் அதே ஜிப்பில் வரும் ஓசிவேலிடேட் கருவியில் ஓட்டுங்கள். கான்ஃபிக்கைத் திருத்த பிராப்பர்ட்ரீ போன்ற எளிய எடிட்டரைப் பயன்படுத்துங்கள். பட்டன்களை அமுக்கிச் செட் செய்யும் கான்ஃபிகரேட்டர் வகையறா ஆப்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஓப்பன்கோர் பதிப்பு மாறும்போது அவை ஃபைலில் தேவையற்றதை எழுதி வைக்கின்றன.

மெனு வருகிறது, ஆனால் மேக் இன்ஸ்டாலர் அதில் இல்லை என்றால் ஸ்பேஸ் பாரை ஒரு முறை அமுக்குங்கள். ஹைட்ஆக்சிலியரி ஆனாக இருந்தால் ரிக்கவரி மறைந்திருக்கும். அப்படியும் வராவிட்டால் டிரைவர்ஸ் ஃபோல்டரில் எச்எஃப்எஸ்பிளஸ், ஓப்பன்ரன்டைம் இரண்டும் இருக்கிறதா, கான்ஃபிக்கிலும் பதிவாகியிருக்கிறதா, ஸ்கேன்பாலிசி 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டரில் ஃபைலை வைப்பது ஒரு வேலை, கான்ஃபிக்கில் அதைச் சேர்ப்பது இன்னொரு வேலை. பிராப்பர்ட்ரீயின் ஓசி ஸ்னாப்ஷாட் இரண்டாவதைத் தானாகச் செய்துவிடும்.

கட்டம் 2: நாலு வரி ஓடி "எக்ஸிட்பிஎஸ்:ஸ்டார்ட்" என்று நிற்கிறது

ஹாக்கின்டாஷ் உலகில் மிகப் பிரபலமான வரி இது. "ஈபி|லாக்:எக்ஸிட்பிஎஸ்:ஸ்டார்ட்" என்று திரையில் இருக்கும், அதற்குமேல் அசையாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

பூட்.ஈஎஃப்ஐ கெர்னலை மெமரியில் ஏற்றிவிட்டது. இப்போது யூஇஎஃப்ஐயிடம் "உன் வேலை முடிந்தது, மெஷினை என்னிடம் கொடு" என்று கேட்கிறது. அந்தக் கைமாற்றம்தான் எக்ஸிட் பூட் சர்வீசஸ். கெர்னல் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆகவே ஆடியோ, வைஃபை, யூஎஸ்பி பக்கம் போக வேண்டாம், கிராபிக்ஸ் கார்டையும் இந்தக் கட்டத்தில் சந்தேகப்பட வேண்டாம். இங்கே பிரச்சினை பெரும்பாலும் மெமரி மேப். மதர்போர்டு தன் மெமரியைப் பிரித்துச் சொல்லும் விதம் ஆப்பிள் எதிர்பார்க்கும் விதத்தோடு பொருந்தவில்லை. கான்ஃபிக்கின் பூட்டர் பகுதியில் இருக்கும் குவர்க்ஸ் எல்லாம் இதை நேராக்கத்தான்.

வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங் ஆனாக இருக்கிறதா, சிஎஸ்எம் ஆஃபாக இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பயாஸ் அப்டேட் செய்திருந்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

அடுத்து டீபக் லாக் ஃபைலைத் திறந்து "ஓசிஏபிசி: மேட் சப்போர்ட் இஸ்" என்று ஆரம்பிக்கும் வரியைத் தேடுங்கள். அங்கே 1 இருந்தால் உங்கள் ஃபர்ம்வேர் புதிய வகை. ரீபில்ட்ஆப்பிள்மெமரிமேப், சிங்க்ரன்டைம்பெர்மிஷன்ஸ் இரண்டையும் ஆன் செய்து, எனேபிள்ரைட்அன்ப்ரொடெக்டரை ஆஃப் செய்யுங்கள். 0 இருந்தால் நேர் எதிர்: முதல் இரண்டும் ஆஃப், மூன்றாவது ஆன். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு இரவைக் கழிப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, செட்அப்வெர்ச்சுவல்மேப். இசட்390 போர்டில் இது ஆனாக இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டின் இசட்490இல் இது ஆனாக இருந்தால் பல போர்டுகள் பூட்டே ஆகாது. 9ஆம் தலைமுறைக்காரர் ஒருவரின் ஈஎஃப்ஐயை வாங்கி 10ஆம் தலைமுறையில் போட்டால் ஏன் நிற்கிறது என்பதற்கு இதுவே போதும். ரைசனில் பி550, ஏ520 போர்டுகளுக்கும், புது பயாஸ் போட்ட எக்ஸ்570க்கும் இதை ஆஃப் செய்ய வேண்டும். இசட்490இல் கூடவே ப்ரொடெக்ட்யூஇஎஃப்ஐசர்வீசஸ், டீவெர்ச்சுவலைஸ்எம்எம்ஐஓ இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

நான்காவது, "குடுன்ட் அலோகேட் ரன்டைம் ஏரியா" என்று வந்தால் கெர்னலை வைக்கச் சரியான இடம் கிடைக்கவில்லை என்று பொருள். ப்ரொவைட்கஸ்டம்ஸ்லைட் ஆனாக இருக்கிறதா பாருங்கள்.

ரைசன்காரர்கள் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஏஎம்டி வெனில்லா பேட்சுகள் (ரைசனில் கெர்னலை ஓடவைக்கும் திருத்தங்கள்) கான்ஃபிக்கில் சேர்ந்திருக்கின்றனவா? அந்தப் பேட்சுகளில் கோர் எண்ணிக்கையை உங்கள் பிராசஸருக்கு ஏற்ப மாற்றினீர்களா? அதில் எழுத வேண்டியது கோர்களின் எண்ணிக்கை, த்ரெட்களின் எண்ணிக்கை அல்ல. 12ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ள இன்டெல்காரர்களுக்கு வேறு வேலை: இந்த பிராசஸர்களை ஆப்பிள் மேக்கில் வைத்ததே இல்லை என்பதால், எமுலேட் பகுதியில் 10ஆம் தலைமுறை காமெட் லேக்கின் அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். ப்ரொவைட்கரன்ட்சிபியூஇன்ஃபோவும் ஆனாக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதைக் காகிதத்தில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி, அது பூட் ஆகிவிட்டால்கூட எது குணப்படுத்தியது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டம் 3: எழுத்துகள் ஓடி நடுவில் நிற்கின்றன, அல்லது பேனிக்

கெர்னல் எழுந்துவிட்டது. இனி இரண்டு வகை. திரை முழுக்க "பேனிக்" என்று வந்தால் உண்மையில் அது நல்ல செய்தி. என்ன ஆனது என்று அது தானே சொல்லிவிடும். சத்தமில்லாமல் நிற்பதுதான் தொல்லை.

பேனிக் வந்தால் வீடியோவில் முதல் வரியையும் "கெர்னல் எக்ஸ்டென்ஷன்ஸ் இன் பேக்ட்ரேஸ்" என்ற வரிக்குக் கீழே வரும் பெயர்களையும் பாருங்கள். நடுவில் இருக்கும் எண்கள் உங்களுக்கு வேண்டியதில்லை. "மேக்ஓஎஸ் வெர்ஷன்: நாட் யெட் செட்" என்று கீழே எழுதியிருந்தால் பயப்படாதீர்கள், அது இந்தக் கட்டத்தில் இயல்பு.

அந்தப் பட்டியலில் ஆப்பிள்இன்டெல்சிபியூபவர்மேனேஜ்மென்ட் இருந்தால் சிஎஃப்ஜி லாக். ஐஓஎன்விஎம்இஃபேமிலி இருந்தால் எஸ்எஸ்டி. அதைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டியில் முயன்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆப்பிள்இன்டெல்எம்சிஇரிப்போர்ட்டர் என்றால், ரைசனில் மேக் ப்ரோ 7,1 அடையாளம் போட்டிருப்பீர்கள். ஆப்பிள்எம்சிஇரிப்போர்ட்டர்டிசேப்லர் கெக்ஸ்ட் வேண்டும்.

"திஸ் வெர்ஷன் இஸ் நாட் சப்போர்ட்டட் ஆன் திஸ் பிளாட்ஃபார்ம்" என்று ஒரே வரியோடு நின்றால் எஸ்எம்பயோஸ் (எந்த மேக் மாடல் என்று காட்டும் அடையாளம்) பொருந்தவில்லை. நம் ஐ5-10400க்கு ஐமேக் 20,1. அது டஹோ வரை செல்லும். 9ஆம் தலைமுறைக்குப் போடும் ஐமேக் 19,1 செக்கோயாவோடு நின்றுவிடும்.

கெக்ஸ்ட் வரிசையையும் பாருங்கள். கான்ஃபிக்கில் லிலு முதலில், அதன்பின் வெர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்க்ரீன், மற்றவை. லிலுவைச் சார்ந்த எதுவும் அதற்கு முன்னால் வரக்கூடாது. வெர்ச்சுவல்எஸ்எம்சி ஏறாவிட்டால் "டிஎஸ்எம்ஓஎஸ் ஹாஸ் அரைவ்ட்" என்ற வரி வரவே வராது. அது வந்துவிட்டதா என்று பார்ப்பது ஒரு நல்ல மைல்கல்.

இனி சத்தமில்லாமல் நிற்கும் வகை. "பிசிஐ கான்ஃபிகரேஷன் பிகின்ஸ்" என்ற வரியைச் சுற்றி, அல்லது ஆர்டிசி, எச்பிஇடி, ஏபிஎஃப்எஸ் மாட்யூல் ஸ்டார்ட் போன்ற சொற்களுக்குப் பக்கத்தில் நிற்கும். இங்கே கெர்னல் மதர்போர்டில் உள்ள சாதனங்களை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. யாரோ ஒருவர் எழவில்லை.

இன்டெல் 300 வரிசைப் போர்டுகளில் ஆரம்பித்து முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல். இந்தப் போர்டுகள் ஏடபிள்யூஏசி என்ற புது வகைக் கடிகாரத்தைப் பயன்படுத்துகின்றன. மேக்ஓஎஸ்ஸுக்கு அதோடு பேசத் தெரியாது, பழைய ஆர்டிசிதான் தெரியும். எஸ்எஸ்டிடி-ஏடபிள்யூஏசி என்ற சின்ன ஃபைல் பழைய ஆர்டிசியை எழுப்பிக் கொடுக்கிறது. நம் இசட்490க்கு இது அவசியம். அடுத்த சந்தேகம் எம்பெடட் கன்ட்ரோலர். கட்டலினா பதிப்பிலிருந்து எஸ்எஸ்டிடி-ஈசி இல்லாமல் பூட் நகராது. இரண்டும் இருந்தும் நின்றால் மறுபடி அபவ் 4ஜி டீகோடிங். பயாஸில் அந்த வசதியே இல்லாத போர்டானால் மட்டும் பூட்-ஆர்க்ஸில் "என்பிசிஐ=0எக்ஸ்2000" (npci=0x2000) சேர்க்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது.

கட்டம் 4: தடை அடையாளம்

வட்டத்துக்குள் குறுக்குக்கோடு, அல்லது வெர்போஸில் "ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்". கெர்னல் எழுந்து, தான் வந்த டிஸ்க்கையே தொலைத்துவிட்டது. இதுவரை பென் டிரைவைப் படித்துக் கொடுத்தது யூஇஎஃப்ஐ. இப்போது மேக்ஓஎஸ் தன் சொந்த யூஎஸ்பி டிரைவரால் படிக்க வேண்டும்.

பெரும்பாலும் காரணம் 15 போர்ட் வரம்பு. எல் கேப்பிட்டனிலிருந்து ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல் மேக்ஓஎஸ் ஏற்பதில்லை. நீல நிற யூஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கில் வரும்: 2.0 வேகத்துக்கு ஒன்று, 3.0 வேகத்துக்கு ஒன்று. பின்னால் எட்டு, முன்னால் இரண்டு என்றாலே வரம்பு தாண்டிவிடும். உங்கள் பென் டிரைவ் 16ஆவது போர்ட்டில் இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

உடனடி வைத்தியம்: யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றிச் செருகுங்கள். அந்தப் போர்ட்கள் பட்டியலில் முதலில் வருவதால் வாய்ப்பு அதிகம். நிரந்தர வைத்தியம்: விண்டோஸில் இருக்கும்போதே யூஎஸ்பிடூல்பாக்ஸ் கருவியில் ஒவ்வொரு துளையிலும் செருகிப் பார்த்து, தேவையான 15ஐ மட்டும் வைத்து ஒரு மேப் கெக்ஸ்ட் செய்துகொள்வது. எக்ஸ்எச்சிஐபோர்ட்லிமிட் என்ற குவர்க்கை ஆன் செய்யச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். பிக் சர் 11.3இலிருந்து அது வேலை செய்வதில்லை. ஆசுஸின் 400 வரிசைப் போர்டு என்றால் எஸ்எஸ்டிடி-ஆர்ஹப்பும் தேவைப்படும்.

கட்டம் 5: எழுத்து முடிந்து திரை கறுப்பு

"ஜிஐஓஸ்கிரீன்லாக்ஸ்டேட் 3" என்ற வரிக்குப் பிறகு மானிட்டர் அணைந்தால் கிராபிக்ஸ். ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைக் கார்டுகளுக்கு பூட்-ஆர்க்ஸில் "ஏஜிடிபிமாட்=பிகேரா" (agdpmod=pikera) போடுங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். ஆர்எக்ஸ் 580க்கு அது தேவையில்லை. கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கார்டிலா என்று எட்டிப் பாருங்கள். எச்டிஎம்ஐ வராவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட்டில் மாற்றுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்எக்ஸ் 580 என்றால் இன்னொரு சந்தேகமும் நியாயமானது. கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டுகளில் பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள். விண்டோஸில் படம் வரும், மேக்கில் கறுப்புத் திரை. கார்டின் அசல் வீபயாஸைத் திரும்ப எழுதினால் சரியாகும். சில கார்டுகளில் பயாஸை மாற்ற ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை முதலில் தட்டிப் பாருங்கள்.

தனிக் கார்டு இல்லாமல் யூஎச்டி 630இல் ஓட்டினால், டிவைஸ் ப்ராப்பர்ட்டீஸில் கொடுத்திருக்கும் ஐஜி-பிளாட்ஃபார்ம்-ஐடி திரைக்குப் படம் தரும் வகையா, படம் தராமல் பின்னணியில் மட்டும் ஓடும் வகையா என்று பாருங்கள். இரண்டாவதைப் போட்டுவிட்டுத் திரை வரவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை. விஜிஏ துளையிலும் படம் வராது.

கட்டம் 6: இன்ஸ்டாலர் வந்தபின்

டிஸ்க் யுடிலிட்டியில் எஸ்எஸ்டி தெரியாவிட்டால் மேலே வியூ மெனுவில் "ஷோ ஆல் டிவைசஸ்" கொடுங்கள். பிறகு டிஸ்க்கின் மேலடுக்குப் பெயரைத் தேர்ந்து ஏபிஎஃப்எஸ், ஜியூஐடி பார்ட்டிஷன் மேப் என்று அழியுங்கள். அழிக்கும் முன் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது. அந்தத் திரையில் எல்லா டிஸ்க்கும் ஒன்று போலவே தெரியும்.

"இன்ஸ்டாலர் டேமேஜ் ஆகிவிட்டது" என்று வந்தால் பெரும்பாலும் தேதிதான் தவறு. டெர்மினலைத் திறந்து டேட் கட்டளையில் பாருங்கள். ஆன்லைன் ரிக்கவரியில் ஈதர்நெட் கேபிளே எளிது: பெரும்பாலான இன்டெல் 1ஜி சிப்புகளுக்கு இன்டெல்மாவ்சி கெக்ஸ்ட், ரியல்டெக் 8111க்கு ரியல்டெக்ஆர்டிஎல்8111, ரியல்டெக்கின் 2.5ஜி சிப்புக்கு லூசிஆர்டிஎல்8125.

இன்ஸ்டால் நடுவில் மெஷின் பலமுறை ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் ஓப்பன்கோர் மெனுவில் "மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பென் டிரைவின் ரிக்கவரியை மறுபடி தேர்ந்தால் முதலிலிருந்து மொழி கேட்கும். இன்ஸ்டால் ஆகவேயில்லை என்று இதைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இன்ஸ்டாலர் பெயர் மறைந்து நீங்கள் டிஸ்க்குக்கு வைத்த பெயர் வந்ததும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

மீதி 2 நிமிடம் என்று காட்டி அங்கேயே நின்றால் என்விராமில் (பூட் செட்டிங்குகளைச் சேமிக்கும் மதர்போர்டு மெமரி) எழுத முடியவில்லை. 300 வரிசையின் இசட்390 போன்ற போர்டுகளுக்கு எஸ்எஸ்டிடி-பிஎம்சி சேர்த்தால் தீரும். கான்ஃபிக்கில் ஏதாவது பெரிதாக மாற்றிய ஒவ்வொரு முறையும் மெனுவில் ரீசெட் என்விராம் கொடுத்துவிட்டு பூட் செய்யுங்கள். பழைய மதிப்புகள் தங்கி, புதுக் கான்ஃபிக்கைப் பொய்யாக்கும்.

கட்டம் 7: பென் டிரைவை எடுத்ததும் வரவில்லை

அது கோளாறு அல்ல. எஸ்எஸ்டியின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, பென் டிரைவில் இருக்கும் ஈஎஃப்ஐ ஃபோல்டரை அங்கே காப்பி செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசை மாறிப் போனால், கான்ஃபிக்கில் லாஞ்சர்ஆப்ஷனை ஃபுல் என்று மாற்றினால் ஓப்பன்கோர் தன் பெயரை மதர்போர்டில் பதிந்து வைக்கும். வேலை செய்கிற அந்தப் பென் டிரைவை அப்படியே மூடி வையுங்கள். இனி கான்ஃபிக்கில் எதை மாற்றினாலும் வேறொரு பென் டிரைவில் முயன்று பார்த்துவிட்டு எஸ்எஸ்டிக்குக் கொண்டுவாருங்கள்.

ஐக்ளவுடில் நுழையும் முன் ஜென்எஸ்எம்பயோஸ் கருவியில் சொந்தமாக ஒரு சீரியல் எண் உருவாக்கிக்கொள்ளுங்கள். யாரோ ஒருவரின் ஈஎஃப்ஐயிலிருந்து வந்த சீரியலோடு நுழைந்தால் ஆப்பிள் ஐடி மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் மசியாமல் நின்றால் மற்றவரிடம் கேட்க வேண்டியதுதான். கேட்கும்போது பிராசஸர், போர்டின் முழு மாடல், கார்டு, எஸ்எஸ்டி, ஓப்பன்கோர் பதிப்பு, மேக்ஓஎஸ் பதிப்பு, எந்தக் கட்டத்தில் நின்றது, டீபக் லாக் ஃபைல், வெர்போஸ் வீடியோ எல்லாவற்றையும் கொடுங்கள். கான்ஃபிக்கைப் பகிரும் முன் அதில் இருக்கும் சீரியல், எம்எல்பி, யூயூஐடி மூன்றையும் அழித்துவிடுங்கள்.

எல்லாம் ஓட ஆரம்பித்து ஒரு வாரம் நிம்மதியாகப் போனதும் டீபக் பதிப்பை ரிலீஸ் பதிப்பாக மாற்றி, டார்கெட் மதிப்பை 3 ஆக்கி, "-வி"யை எடுத்துவிடுங்கள். "கீப்சிம்ஸ்=1" மட்டும் இருக்கட்டும், அது எதையும் கெடுக்காது. அடுத்த பேனிக்குக்கு உதவும்.